ஈரக் காற்றில் சுருட்டுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருப்பதால், எந்தப் பருவத்திலும் உப்பு கலந்த ஈரக் காற்றுக்குக் குறைவில்லை. இங்கே உட்கார்ந்து சுருட்டுக்கு மதிப்பெண் போட விரும்புகிறவர், தீக்குச்சியைக் கையில் எடுப்பதற்குப் பல நாட்கள் முன்பே வேலையைத் தொடங்கியாக வேண்டும். புகையிலை உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. 18 வயது நிரம்பி, ஏற்கெனவே சுருட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

முதல் படி: அளவுகோலைப் புரிந்துகொள்ளுதல்

1992-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சிகார் அஃபிசியனாடோ இதழ் பின்பற்றும் 100 புள்ளி முறையையே இன்று விமர்சகர்களில் பலர் ஏதோ ஒரு வடிவில் கையாளுகிறார்கள். அதில் 95-உம் அதற்கு மேலும் பெறுவது அரிய தரம். 90 முதல் 94 வரை மிகச் சிறப்பு. 80-களில் இருப்பது நல்ல சுருட்டு. 70-களில் இருப்பது சராசரி. பள்ளித் தேர்வில் 80 வாங்கினால் வீட்டில் பாராட்டுவார்கள். இங்கே 80 என்பது, குறை சொல்ல அதிகமில்லை, ஆனால் மறுமுறை தேடிப் போக வேண்டியதுமில்லை என்பதற்கு அருகில் நிற்கும் எண்.

நான் வைத்திருக்கும் பங்கீடு இது: தோற்றத்துக்கும் சுருட்டியிருக்கும் கட்டுக்கும் 15, இழுப்புக்கும் எரிவுக்கும் 30, சுவைக்கும் மணத்துக்கும் 35, ஒட்டுமொத்த நிறைவுக்கு 20. நீங்கள் வேறு பங்கீடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை வைத்ததை இடையில் மாற்றாதீர்கள்.

இரண்டாம் படி: ஈரப்பதத்தைச் சரிசெய்தல்

இதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். வாடைக்காற்று மழையோடு வீசிய ஒரு கார்த்திகை மாதத்தில், சாதாரணத் தகர டப்பாவில் வைத்திருந்த சுருட்டு ஒன்றை எடுத்துப் புகைத்தேன். அது இழுக்க முடியாமல் அடைத்துக்கொண்டது. மூன்று முறை அணைந்தும் போனது. 74 போட்டேன். அதே டப்பாவில் இருந்த இன்னொன்றை முறையாக உலரவைத்துப் பங்குனியில் புகைத்தபோது 88 வந்தது. முதல்முறை நான் அளந்தது சுருட்டின் தரத்தை அல்ல, மண்டபத்து மழைக்காலத்தை.

ஈரம் ஏறினால் உள்ளிலை உப்பி, புகை வரும் வழி அடைபடும். ஈரம் குறைந்தால் சுருட்டு சூடாக எரிந்து கசக்கும், மேலிலையும் வெடிக்கும். 65 முதல் 70 சதவீத ஈரப்பதமே நல்ல நிலை. ஆகவே காற்றுப் புகாத டப்பா ஒன்று, டப்பாவுக்குள் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, சிறிய ஈரப்பதமானி ஒன்று ஆகிய மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரப்பதமானியை அப்படியே நம்பக்கூடாது. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரையாமல் ஈரமணல் பதத்தில் இருக்கும்படி செய்யுங்கள். அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்து ஒருநாள் விட்டுவிட்டால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 71 காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு 4 கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கு வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு ஏற்றதன்று. சுத்திகரிக்காத கடல் உப்பில் உள்ள மக்னீசியம் கணக்கைக் கீழே இழுத்துவிடும். கடையில் விற்கும் சுத்திகரித்த தூளுப்பே சரியானது. சோதனை முடிந்தபின் சுருட்டைப் பொட்டலத்தோடு இரண்டு வாரமாவது டப்பாவில் வையுங்கள். நம் வெயிலில் புகையிலை வண்டு பொரித்துவிடும் என்பதால், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் டப்பா இருக்கட்டும்.

மூன்றாம் படி: பெயரை மறைத்தல்

விலையும் பெயரும் தெரிந்தால் நாக்கு நடுநிலை தவறிவிடும். என் மைத்துனர், சுருட்டின் பெயர் அச்சிட்ட வளையத்தாளைக் கழற்றி, வெறும் எண் எழுதிய காகிதத்தைச் சுற்றித் தருவார். மதிப்பெண் எழுதி முடித்த பிறகே பெயரைச் சொல்வார்.

நான்காம் படி: பற்ற வைப்பதற்கு முன்

விரலால் மெல்ல அழுத்தி, மெத்தென்ற இடமோ கட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். மேலிலையின் நரம்பு, ஒட்டிய விளிம்பு, நிறச் சீர்மை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வாயில் வைக்கும் தலைப்பகுதியின் மூடியை மட்டும் வெட்டி, தீயில்லாமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மூன்று பங்காகப் புகைத்தல்

காற்றில்லாத இடத்தில் உட்காருங்கள். பாம்பன் பக்கம் திறந்தவெளியில் புகைத்தால் எந்தச் சுருட்டும் ஒருபக்கமாகத்தான் எரியும்; அந்தக் குறையைச் சுருட்டின் கணக்கில் எழுதுவது நியாயமன்று. மீன்குழம்பு சாப்பிட்ட கையோடு தொடங்காமல், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்ற அளவில் நிதானமாகப் புகையுங்கள். புகையை நெஞ்சுக்குள் இழுக்க வேண்டாம். வாயில் நிறுத்தி, அதில் சிறிதளவை மூக்கு வழியாக வெளியே விட்டால்தான் மணம் பிடிபடும்.

சுருட்டை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கு முடியும்போதும் தனியே எழுதுங்கள். விமர்சகர்கள் தேவதாரு, தோல், கோகோ என்று எழுதுவதை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஒருமுறை எனக்கு இரண்டாம் பங்கில், பானையின் அடியில் லேசாகத் தீய்ந்த கருப்பட்டிப் பாகின் மணம் வந்தது, அதையே எழுதினேன். மிளகின் காரம் மூக்கில் ஏறும், முண்டு மிளகாயின் காரம் தொண்டையில் நிற்கும். இந்த வேறுபாடு நம் நாக்குக்கு நன்றாகவே தெரியும்.

ஆறாம் படி: கூட்டிப் பார்த்தல்

தோற்றம் 13, எரிவு 22, சுவை 30, நிறைவு 16 என்றால் கூட்டுத்தொகை 81. அதை உடனே இறுதி எண்ணாகக் கொள்ளாதீர்கள். ஒரு வாரம் கழித்து அதே வகையில் இன்னொன்றைப் புகைத்து, இரண்டுக்கும் 5 புள்ளிக்கு மேல் வேறுபாடு வந்தால் மூன்றாவதையும் எடுத்து, எல்லாவற்றின் சராசரியை எழுதுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில், அன்று டப்பாவின் ஈரப்பதமானி காட்டிய அளவையும் மறக்காமல் குறித்துவையுங்கள்.