தியாகியின் கையெழுத்துள்ள பழைய புத்தகம்: சரிபார்ப்பதும் மும்பை மழையில் காப்பதும்

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று கைக்கு வருகிறது. முகப்புத் தாளில் வ.உ.சி.யின் கையெழுத்து. விலை பேசுவதற்கு முன் எழுத்தின் அழகை விட்டுவிட்டு ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். போலிகள் பெரும்பாலும் அதில்தான் மாட்டிக்கொள்ளும்.

கையெழுத்தின் தேதி, புத்தகம் அச்சானதற்குப் பிந்தியதாகவும் எழுதியவர் மறைவுக்கு முந்தியதாகவும் இருந்தாக வேண்டும். சுப்பிரமணிய சிவா மறைந்தது 1925 ஜூலை 23, வ.உ.சி. 1936 நவம்பர் 18, சத்தியமூர்த்தி 1943 மார்ச் 28. முதற்பதிப்பு ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். கையில் இருப்பது மறுபதிப்பாக இருக்கலாம்.

தேதி தமிழ் ஆண்டில் இருந்தால் மாதத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். "தாது என்றால் 1936" என்று நிறுத்திக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். அந்தத் தாது 1936 சித்திரையில் தொடங்கி 1937 பங்குனியில் முடிந்தது. "தாது வருஷம் தை" என்று வ.உ.சி. பெயரில் எழுதியிருந்தால், அது அவர் மறைந்து இரண்டு மாதம் ஆன பிறகு வருகிற தை. (தாது வருஷப் பஞ்சத்துக்குப் பெயர் தந்த 1876 இதற்கு முந்தைய சுற்று.)

அடுத்தது எழுத்து வடிவம். ணை, லை, ளை, னை இன்றுள்ள வடிவில் அரசாணையானது 1978இல். அதற்கு முன் அவை மேலே யானைத் தும்பிக்கைபோல் வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றும் தனிக்கால் இல்லாமல் சுழித்தே எழுதப்பட்டன. 1930இல் போட்டதாகச் சொல்லும் கையெழுத்தில் "பிள்ளை" இன்றைய ளையோடு முடிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு விலக்கு உண்டு: பெரியார் 1935இலேயே 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தினார், அவர் வழி வந்தவர்கள் அப்படி எழுதியிருக்கலாம். கையெழுத்து தமிழில் இருக்கிறதே என்பதற்காகவே காந்தியின் கையெழுத்தைத் தள்ளிவிடவும் வேண்டாம், "மோ.க.காந்தி" என்று அவர் தமிழில் போட்டதுண்டு.

இனி மை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். பழைய இரும்புக் கலப்பு மை காலப்போக்கில் பழுப்பாகும், சில இடங்களில் ஊறித் தாளின் பின்பக்கத்திலும் தெரியும். பழைய தாளில் இன்று எழுதினால், தாளின் பசைப்பூச்சு தளர்ந்துவிட்டதால் மை ஓரங்களில் நூல்நூலாகக் கசியும். இதை நன்றாகக் கவனியுங்கள். 1945க்கு முந்திய தேதியில் பால்பாயின்ட் கோடு என்றால் பேச்சே இல்லை, போலிதான். அந்தப் பேனா பரவலானது 1945க்குப் பிறகுதான். ரப்பர் முத்திரையில் நிப்பின் அழுத்த வேறுபாடு இருக்காது, மை விளிம்பில் தேங்கி நிற்கும். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தும் பாருங்கள்: தாள் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் அதில் வெளுப்பூட்டி இருக்கிறது, பெரும்பாலும் 1950க்குப் பிந்திய தாள்.

எல்லாம் தேறினாலும், அதே காலத்து உண்மையான கையெழுத்துகள் பலவற்றோடு ஒப்பிடாமல் உறுதி சொல்ல முடியாது. ஒரே மாதிரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். சிறை முத்திரை, பழைய விலைக்குறிப்பு, உள்ளே செருகிய சீட்டு எதையும் அழிக்கவோ எடுக்கவோ கூடாது. யாரிடமிருந்து வந்தது என்பதை விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகத்தின் மதிப்பில் பெரும்பங்கு அவர் எழுதித் தரும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் சேர்க்காதீர்கள். ராமபாணப் பூச்சியின் தடம் தெரிந்தால், ஈரமில்லாத புத்தகத்தைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் மூடி, ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள். அவசரப்பட்டால் தாளிலேயே நீர் கோக்கும், மை கலையும்.

பூசணம் இருந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். நிழலில் உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். செலோடேப், லேமினேஷன், ஃபெவிகால் மூன்றும் கூடவே கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், அமிலமற்ற அட்டைப்பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை ஜெல்லை மாற்றுங்கள். பெட்டிக்குள் சிறிய ஈரப்பதமானி இருந்தால் நல்லது. 50 சதவீதத்தை ஒட்டி நிற்கட்டும், 65ஐத் தாண்டவிடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேளுங்கள். வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டுப் பழைய ஆவணங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.