பழைய கைமுடிச்சுக் கம்பளத்தை அடையாளம் காண்பது எப்படி?

டர்பன் நகரின் ஏலக் கூடங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் பழைய கம்பளங்கள் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. விற்பவர் சொல்லும் ஊர்ப்பெயரை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம். 'புகாரா' என்று புகழ்பெற்ற கம்பளங்களை நெய்தவர்கள் மத்திய ஆசியாவின் துர்க்மேனியர்; புகாரா அவை விலைபோன சந்தை நகரம். எனவே கம்பளத்தைக் குப்புறப் புரட்டிவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள்.

முதற்படி: கைமுடிச்சுக் கம்பளமானால், முன்பக்கத்துப் பூவேலை பின்பக்கத்திலும் ஏறக்குறைய அதே தெளிவோடு தெரியும். பின்பக்கத்தில் துணி ஒட்டப்பட்டிருந்தால் அந்தக் கம்பளத்தை அங்கேயே விட்டுவிடலாம். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலின், தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தனியாகத் தைக்கப்பட்டிருந்தால் ஐயப்படுங்கள், பழுதுபார்த்தபோது சேர்த்ததாகவும் இருக்கலாம். (நம் வீடுகளில் விரிக்கும் பவானி ஜமக்காளத்தில் முடிச்சே கிடையாது, அது பாவும், குறுக்கே ஓடும் ஊடை நூலும் மட்டுமே கொண்ட தட்டை நெசவு.)

இரண்டாம் படி: முன்பக்கத்தில் ஊடை நூலின் போக்கிலேயே கம்பளத்தை மடித்து, உரோமத்தின், அதாவது மேலே நிற்கும் முடிச்சு நூல் முனைகளின், அடியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். இரண்டு பாவு நூல்களையும் கழுத்துப்பட்டை போல ஒரு வளையம் சுற்றியிருக்க, அதனடியிலிருந்து இரு முனைகளும் சேர்ந்து வெளிவந்தால் அது துருக்கி முடிச்சு. ஒரு பாவு நூலை மட்டும் முழுமையாகச் சுற்றி, முனைகள் தனித்தனியே வெளிவந்தால் பாரசீக முடிச்சு. அனத்தோலியாவிலும் (துருக்கியின் ஆசியப் பகுதி) காக்கசஸ் மலைநாட்டிலும் முன்னதே வழக்கம்; ஈரானின் காஷான், இஸ்பஹான் நகரங்களில் பின்னது. ஆயினும் ஈரானிலேயே உள்ள தப்ரீஸ் நெசவாளர்கள் துருக்கி முடிச்சைக் கையாள்வதால், முடிச்சை மட்டும் வைத்து நாட்டை முடிவு செய்துவிடக் கூடாது.

மூன்றாம் படி: அந்த ஐயத்தைப் பாவும் ஊடையும் பெரும்பாலும் தீர்த்துவைக்கும். முடிச்சு வரிசைகளுக்கிடையே ஊடை ஒருமுறை மட்டுமே ஓடி, பருத்திப் பாவு பின்பக்கத்தில் வெண்புள்ளிகளாகத் தெரிந்தால் ஈரானின் ஹமதான் வட்டாரத்தை நினைக்கலாம். பாவு, ஊடை இரண்டும் கம்பளி நூலாக இருந்து, வடிவங்கள் பெரிதாகவும் கோணங்கள் கொண்டும் அமைந்தால் காக்கசஸின் கசாக் வகையை நினைக்கலாம். முடிச்சு நெருக்கமாக இருந்தால்தான் உயர்ந்தது என்ற கருத்து எனக்கு ஏற்புடையதன்று; கசாக் கம்பளத்தின் அழகே அதன் முரட்டுத்தன்மைதான்.

நான்காம் படி: உரோமத்தைப் பிரித்து நுனியையும் வேரையும் ஒப்பிடுங்கள். நுனி வெளிறி, வேர் மட்டும் பளிச்சென்றிருந்தால், 1856-இல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்க்கின் கண்டறிந்த ஊதாச் சாயத்துக்குப் பின் பரவிய தொடக்ககாலச் செயற்கைச் சாயமாக இருக்கக்கூடும். ஒரே நிறம் பட்டை பட்டையாக மாறுவது குறையன்று. நூலைத் தொகுதி தொகுதியாகச் சாயம் தோய்த்ததன் விளைவு அது.

வாங்கிய பின், டர்பனின் கடற்காற்று ஈரத்தை மனத்தில் கொண்டு, பிளாஸ்டிக்கைத் தவிர்த்துப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அந்துப்பூச்சி விழுந்திருக்கிறதா என்று அவ்வப்போது பிரித்துப் பாருங்கள்.