கேவிஎம் சர்வருடன் இணைப்பு கிடைக்கவில்லையா? எங்கே அறுந்தது என்று முதலில் பாருங்கள்

லினக்ஸின் கேவிஎம் மூலம் மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் சர்வரை, அவற்றை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜர் நிரலில் சேர்த்து ‘கனெக்ட்’ கொடுத்தால் பிழைச்செய்திதான் வருகிறது. பலரும் உடனே, சர்வரில் விஎம்களை நிர்வகிக்கும் லிப்வெர்ட்டின் அமைப்புக் கோப்பைத் திறந்துவிடுவார்கள். இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். இணைப்பு எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பெரும்பாலும் அந்தச் செய்தியே காட்டிக்கொடுத்துவிடும்.

டெர்மினலில், அதே பயனர் பெயரோடு, வெறும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் சர்வருக்குள் நுழைந்து பாருங்கள். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று சட்டென வந்தால் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் 22ஆம் போர்ட்டில் பதில் சொல்லத்தான் ஆளில்லை. சர்வர் பக்க நிரலான எஸ்எஸ்ஹெச்டி ஓடாமல் இருக்கலாம், வேறு போர்ட்டுக்கு மாற்றியிருக்கலாம். வெகுநேரம் கழித்து ‘டைம்டு அவுட்’ வந்தால், பெரும்பாலும் ஐபி தவறு அல்லது வழியில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ கொஞ்சம் ஏமாற்றுக்காரச் செய்தி. அதை நம்பி ரூட்டிங்கைக் குடைவார்கள். ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் நிரல் மறுத்தாலும் இதே வாசகம்தான் வரும். பிங் போகிறது, ஆனாலும் இந்தச் செய்தி வருகிறது என்றால் ஃபயர்வாலைத்தான் பார்க்க வேண்டும்.

விஎம்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜை அமைத்த கையோடு சர்வர் காணாமல் போனால் காரணம் வேறு. நெட்வொர்க் கார்டை பிரிட்ஜில் சேர்த்த பிறகு ஐபி முகவரி பிரிட்ஜின் மேல் இருக்க வேண்டும், கார்டின் மேல் அல்ல. இணைப்பு போன பிறகு இதை எஸ்எஸ்ஹெச் வழியாகச் சரிசெய்ய முடியாது. சர்வரின் நேரடித் திரையோ ஐபிஎம்ஐ கன்சோலோ (சர்வரின் இயங்குதளத்தைச் சாராத தொலைத்திரை) கையில் இல்லாமல் பிரிட்ஜ் வேலையில் இறங்காதீர்கள்.

எஸ்எஸ்ஹெச் நுழைகிறது, விர்ட்-மேனேஜர் மட்டும் நுழையவில்லையா? பாஸ்வேர்டு கேட்க அதற்கு டெர்மினல் கிடையாது. தனி ஆஸ்க்பாஸ் நிரல் வேண்டும். அதை நிறுவுவதைவிட எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி கொண்டு உங்கள் பொதுச் சாவியைச் சர்வரில் ஏற்றிவிடுவது மேல். ‘ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்டு’ என்றால், முதன்முறை இணைகிறீர்கள் அல்லது சர்வரை மறுபடி நிறுவியிருக்கிறார்கள். சர்வர் சாவியின் கைரேகையை (ஃபிங்கர்பிரின்ட்) ஒப்பிட்டுப் பார்க்காமல் பழைய சாவியை அழிக்க வேண்டாம்.

அடுத்தது அனுமதி. செய்தியில் போல்கிட் (லினக்ஸில் அனுமதி சரிபார்க்கும் சேவை) என்ற சொல்லோ ‘பெர்மிஷன் டினைடு’ என்பதோ தென்பட்டால், பெரும்பாலும் பயனர் சர்வரில் லிப்வெர்ட் குழுவில் இல்லை. யூசர்மாட் -ஏஜி கொண்டு சேருங்கள். இதில் ‘ஏ’ சின்ன எழுத்து, ‘ஜி’ பெரிய எழுத்து. ‘ஏ’யை விட்டுவிட்டால் சூடோ உட்பட மற்ற குழுக்களிலிருந்து அந்தப் பயனர் நீங்கிவிடுவார். சேர்த்த பிறகும் அதே பிழை வந்தால், திறந்திருக்கும் பழைய எஸ்எஸ்ஹெச் இணைப்பை மூடுங்கள். கன்ட்ரோல்மாஸ்டர் (ஒரே எஸ்எஸ்ஹெச் இணைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வசதி) பயன்படுத்துகிறவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்: பின்னணியில் உயிரோடிருக்கும் பழைய இணைப்புக்குப் புதுக் குழு தெரியாது. நுழைந்து ‘ஐடி’ என்று அடித்தால் உண்மை தெரிந்துவிடும்.

லிப்வெர்ட்டின் பின்னணி நிரலான லிப்வெர்ட்டிடி ‘இன்ஆக்டிவ்’ என்று காட்டினால் பதற வேண்டாம். இணைப்பு வந்ததும் சாக்கெட் வழியாகத் தொடங்கும் அமைப்பில் 120 விநாடி வேலையில்லாவிட்டால் அது தானே அடங்கிவிடும். சாக்கெட் யூனிட் ஓடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். புதிய விநியோகங்களில் லிப்வெர்ட்டிடிக்குப் பதில் விர்ட்க்யூஈஎம்யூடி இருக்கும். அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

இணைப்பு கிடைத்தும் பட்டியல் காலியாக இருந்தால், விர்ட்-மேனேஜரிலுள்ள இணைப்பு முகவரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். ‘செஷன்’ என்றிருந்தால் உங்கள் பயனரின் தனி விஎம்கள்தான் தெரியும். சர்வரின் விஎம்கள் ‘சிஸ்டம்’ பக்கம் இருக்கின்றன.

எஸ்எஸ்ஹெச் இல்லாமல் சான்றிதழ் கொண்ட குறியாக்க முறையான டிஎல்எஸ் வழியாக இணைப்பவர்களுக்குப் போர்ட் 16514. அமைப்புக் கோப்பில் லிசன் வரியை மாற்றியும் போர்ட் திறக்கவில்லையென்றால், சாக்கெட் முறையில் அந்த வரிக்கு மதிப்பே கிடையாது. லிப்வெர்ட்டிடியை நிறுத்திவிட்டு அதன் டிஎல்எஸ் சாக்கெட்டைத் தொடங்க வேண்டும். சான்றிதழிலுள்ள பெயரும் நீங்கள் அடிக்கும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். கடிகாரம் பின்தங்கியிருந்தால் புதுச் சான்றிதழும் செல்லாது. குறியாக்கமில்லாத 16509 பக்கம் போகாதீர்கள்.

விஎம் ஓடுகிறது, கன்சோல் மட்டும் திறக்கவில்லை என்றால் இதை நினைவில் வையுங்கள்: விஎம்மின் திரையை அனுப்பும் விஎன்சி பொதுவாக 127.0.0.1இல், அதாவது சர்வருக்குள்ளேயே மட்டும்தான் கேட்கும். எஸ்எஸ்ஹெச் வழியாக இணைந்த விர்ட்-மேனேஜர் தானே சுரங்கம் (டனல்) போட்டுக்கொள்ளும். தனி வியூவருக்கு நீங்கள் போட வேண்டும். ‘விர்ஷ் விஎன்சிடிஸ்பிளே’ கட்டளை :1 என்று காட்டினால் போர்ட் 5901, அதாவது 5900உடன் அந்த எண். எஸ்எஸ்ஹெச்சில் பெரிய எழுத்து -எல் கொடுத்து, உங்கள் கணினியின் 5901ஐ சர்வரின் 127.0.0.1:5901உடன் கோத்துவிட்டு, வியூவரில் 127.0.0.1:5901 என்றே கொடுங்கள். அவசரத்துக்கு விஎன்சியை 0.0.0.0க்குத் திறந்துவிட வேண்டாம். அதன் பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துகளுக்கு மேல் கணக்கில் வராது.