ஜப்பானில் பெட்டியைத் தனியே அனுப்புங்கள்

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது பெரிய பெட்டியை முந்தைய நாளே ஓட்டல் வரவேற்பில் கொடுத்து, அடுத்த ஓட்டலுக்குத் ‘தக்யூபின்’ கூரியரில் அனுப்பிவிடுங்கள். ஜப்பானியர்கள் ஊர் சுற்றும்போது தோளில் ஒரு சின்னப் பையோடு லேசாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பார்க்கப் பொறாமையாக இருக்கும்! 1976 முதல் இருக்கும் சேவை. இந்தத் தூரத்துக்குப் பெரும்பாலும் மறுநாளே பெட்டி வந்துவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், அந்த வழி ஷின்கான்சென் அதிவேக ரயிலில் பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அந்தத் தொல்லையும் மிச்சம்.

ஒரே இரவு தங்கும் ஊருக்கு இது சரிப்படாது. ஹொக்கைடோ, ஒகினாவா ஆகிய தொலைதூரத் தீவுகளுக்கு நாள் கூடும். அப்புறம், பாஸ்போர்ட், மருந்து, ஒரு மாற்றுத்துணி கையிலேயே இருக்கட்டும்.