ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருந்தால் ஒரு நாளை ஓட்டுவது எப்படி?

ஆட்டிசம் இருப்பவருக்கு 'எல்லாவற்றையும் நேரப்படி வைத்துக்கொள்' என்பார்கள். ஏடிஹெச்டிக்கு, அதாவது கவனம் ஓரிடத்தில் நிலைக்காத நிலைக்கு, அந்த அட்டவணை நாலே நாளில் சலித்துவிடும். இரண்டும் இருக்கிறவருக்கு மாற்றம் வந்தாலும் பதறுகிறது, வராவிட்டாலும் இருப்புக்கொள்ளவில்லை. சோம்பேறி, பிடிவாதக்காரர் என்று மற்றவர்கள் சொன்னதை வருஷக்கணக்காக நம்பியிருப்பீர்கள். மருத்துவர்களுக்கே, 2013-இல் அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்மின் ஐந்தாம் பதிப்பு வரும்வரை, இரண்டும் இருப்பதாக ஒருவருக்கே எழுத அந்தக் கையேட்டின் விதியில் இடமில்லை. அதனால்தான் இன்றைக்கு நடுத்தர வயதில் இருக்கும் பலருக்கு ஒன்று மட்டும் தெரியும், இல்லை இரண்டுமே தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? மணியை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'ஏழு மணிக்கு' என்று எழுதிவைத்தால் ஏழேகாலுக்கே அன்றைய நாள் கெட்டுப்போனதாகத் தோன்றும். 'எழுந்ததும் தண்ணீர், மாத்திரை, குளியல்' என்று எழுதினால் ஒன்பதுக்கு எழுந்தாலும் செல்லும். சலிக்காமல் இருக்க, குளிக்கும்போது கேட்கும் பாட்டையோ வேலைக்கு உட்காரும் இடத்தையோ மாற்றிக்கொண்டே இருங்கள்.

வேலையைத் தொடங்க முடியாமல் உட்கார்ந்திருந்தால், கவனம் இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்வதற்கு முன்னால் சுற்றிப் பாருங்கள்: டியூப்லைட் மினுக்குகிறதா, சட்டைக் காலரில் லேபிள் உரசுகிறதா, பக்கத்து அறையில் டிவி ஓடுகிறதா? லேபிளை வெட்டுங்கள், ஹெட்போனை மாட்டுங்கள். பல நேரம் சிக்கல் அங்கேதான். ஆனால் முழு அமைதியும் ஆகாது என்பதுதான் கூத்து, தலை தானாகவே எதையாவது தேட ஆரம்பிக்கும். நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள், காதுக்கு வேலையும் இருக்கும், புதிதாக வந்து எதுவும் இடிக்கவும் செய்யாது.

பிடித்த விஷயத்தில் மூழ்கிவிட்டால் பசி தாகம் எதுவும் தெரியாது. அலாரம் வையுங்கள், அலறுவது வேண்டாம், அதிர்வு போதும். எழ வேண்டிய நேரத்துக்கு ஒன்று, அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒன்று. சட்டென்று நிறுத்தச் சொன்னால் எரிச்சல்தான் வரும்.

ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் இரண்டும் உள்ளவர்களுக்கும் உதவுகின்றன, பக்கவிளைவு மட்டும் சற்றுக் கூடலாம், அதனால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். கவனம் நிலைக்கத் தொடங்கியதும் சிலருக்கு ஓசையும் வெளிச்சமும் முன்னைவிட உறுத்தும். அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், எப்போது, எது உறுத்தியது என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், கூட்டமான இடத்துக்குப் போகிற நாள் இருந்தால் மறுநாளைக் காலியாக விடுங்கள். காலி என்று காலண்டரிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் புதிதாக எதையாவது இழுத்துப்போட்டு நீங்களே அதை நிரப்பிவிடுவீர்கள்.