புல்வெட்டு மெஷினின் ஆயுளுக்கு ஒரு புதுப் பரவல்: நான் தடுக்கி விழுந்த வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாமாவின் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்துப் புல்வெட்டு மெஷின்கள்தான். எது எத்தனை நாள் ஓடிப் பழுதானது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். என் முதுகலை ஆய்வு ஒரு புதுப் பரவலைத் தேடுவது. பரவல் என்பது, ஒரு மெஷின் இத்தனை நாள் ஓடும் என்பதன் நிகழ்தகவைச் சொல்லும் சூத்திரம். அதற்கு ஆயுட்காலத் தரவு தேவைப்பட்டதும் அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கினேன். கொடுக்கும்போதே சொன்னார்: "புதுசுல சிலது முதல் மாசமே படுத்துரும்டா. அதுல தப்பிச்சா கிழடாகும் வரைக்கும் ஓடும்."

அந்த ஒரு வரியில் என் ஆய்வே இருந்தது. எனக்குத்தான் அது புரிய ஆறு மாதம் ஆனது.

வகையிடலும், புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல் மொழியில் ஒரு சார்பு எழுதவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் படம்

சூத்திரத்தைத் தொடாதீர்கள். ஆயுட்காலங்களை ஏறுவரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு பழுதின்போதும், அதுவரை எல்லா மெஷின்களும் சேர்ந்து ஓடிய மொத்த நாளைக் கணக்கிட்டு, கடைசி மொத்தத்தால் வகுங்கள். இதை, அதுவரை பழுதானவற்றின் விகிதத்துக்கு எதிராக வரையுங்கள். கோடு மூலைவிட்டத்தில் போனால் பழுது வீதம் (அதுவரை ஓடிய மெஷின் அடுத்த நொடியே பழுதாகும் வேகம்) மாறவில்லை. மேலே வளைந்தால் வீதம் ஏறுகிறது, கீழே தொய்ந்தால் இறங்குகிறது. முதலில் தொய்ந்து பிறகு மேலே வளைந்தால் அதுதான் குளியல் தொட்டி வடிவம், மாமா சொன்னது.

கையில் தரவு இல்லாதவர்கள் ஆர்செட் 1987 இல் வெளியிட்ட 50 கருவிகளின் தரவை எடுத்துக்கொள்ளலாம். மிகச் சிறியது 0.1, மிகப் பெரியது 86.

படி 2: பழைய பரவலுக்கு ஒரு அடுக்கு

வெய்புல் 1951 கட்டுரையில் பிரபலப்படுத்திய பரவலின் பழுது வீதம் ஏறும், அல்லது இறங்கும், அல்லது அப்படியே இருக்கும். நடுவில் திரும்பாது. அதன் திரள் பரவல் சார்பை (இத்தனை நாளுக்குள் பழுதாகும் நிகழ்தகவு) தீட்டா என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள். 0 இலிருந்து 1 வரை ஏறும் ஒன்றை எந்த நேர் எண் அடுக்குக்கு உயர்த்தினாலும் அது 0 இலிருந்து 1 வரைதான் ஏறும். அதனால் பரவல் கெடாது. வடிவ அளவுரு ஆல்பா 1 ஐத் தாண்டி, ஆல்பா-தீட்டா பெருக்கல் 1 க்குக் கீழே இருந்தால் தொட்டி வடிவம் கிடைக்கும்.

அடர்த்திச் சார்பை (திரள் பரவல் சார்பை வகையிட்டால் வருவது) எழுதும்போது முன்னால் வரும் தீட்டாவை விட்டுவிடாதீர்கள். ஆரில் இன்டிகிரேட் போட்டு பரப்பு 1 வருகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

படி 3: புதுசுதானா?

நான் கண்டுபிடித்ததாக நினைத்து மூன்று வாரம் தலைகால் புரியாமல் ஆடினேன். மேலே சொன்ன பரவலை முதோல்கரும் ஸ்ரீவாஸ்தவாவும் 1993 இலேயே எழுதிவிட்டார்கள். அடுக்கு போடுவது, மார்ஷல்-ஓல்கின் முறை (1997), நம்ம ஊர்ப் பெயராக ஒலிக்கும் குமாரசாமி பரவல் (நீரியலுக்காக 1980 இல் வந்தது) என்று பழையதிலிருந்து புதுசு செய்ய வழிகள் பல. எல்லாவற்றையும் கலந்து ஐந்து அளவுருவோடு ஒன்றைச் செய்து புதுசு என்பது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு அளவுருவும் எந்த வளைவுக்காக என்று சொல்ல முடிய வேண்டும்.

படி 4: அளவுருக்களை மதிப்பிடுதல்

இங்கேதான் விழுந்தேன். மீப்பெரு வாய்ப்பு முறை என்பது, கையிலுள்ள தரவு வருவதற்கு அதிக வாய்ப்பு தரும் அளவுருக்களைத் தேடுவது. அதற்கு ஆரின் ஆப்டிம் (optim) சார்பைக் கூப்பிட்டு, தொடக்க மதிப்பாக ஆல்பா, தீட்டா, நாள் அளவைக் குறிக்கும் அளவுரு என மூன்றுக்கும் 1 கொடுத்தேன். திரை முழுக்க எச்சரிக்கை. சூத்திரம் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் வகையிட்டுக்கொண்டே இருந்தேன். சூத்திரத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆப்டிம் இயல்பாகப் பயன்படுத்தும் நெல்டர்-மீட் முறைக்கு அளவுரு நேர் எண்ணாக இருக்க வேண்டும் என்பது தெரியாது. தேடும்போது எதிர் எண்ணுக்குள் போய்விடுகிறது, அதற்கு மடக்கை கிடையாது.

அளவுருவைக் கொடுக்காமல் அதன் மடக்கையைக் கொடுங்கள். சார்புக்குள் முதல் வரியில் எக்ஸ்ப் (exp) போட்டுத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். தொடக்க மதிப்புக்கு முதலில் சாதாரண வெய்புல்லைப் பொருத்தி, அந்த விடையோடு தீட்டா 1 என்று ஆரம்பியுங்கள். ஒரே தடவையில் நிறுத்தவும் வேண்டாம். ஆல்பா ஏறினால் தீட்டா இறங்கி ஈடுகட்டும். அதனால் வாய்ப்புச் சார்பு நீண்ட மேடு மாதிரி இருக்கும், எங்கே நின்றாலும் உச்சி போலத் தெரியும். நான் இருபது இடத்திலிருந்து ஆரம்பித்து, அதிக வாய்ப்பு தந்ததை எடுத்தேன். எக்செல் சால்வரில் இதைச் செய்யலாம் என்பவர்களோடு எனக்கு வாக்குவாதம் இல்லை, பரிதாபம்தான்.

படி 5: ஒப்பீடு

எந்தப் பரவல் நன்றாகப் பொருந்துகிறது என்று ஒப்பிட அகைக்கே அளவை (AIC, 1974) போதும். கூடுதல் அளவுருவுக்கு அது அபராதம் போடும். தரவு ஒரு பரவலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கோல்மோகோரோவ்-ஸ்மிர்னோவ் சோதனையின் பி மதிப்பை அப்படியே நம்பாதீர்கள். அதே தரவிலிருந்து அளவுருவை எடுத்துவிட்டு அதே தரவில் சோதித்தால் அது பொருந்தாது. லில்லிஃபோர்ஸ் 1967 இலேயே இதற்குத் தனி அட்டவணை போட்டார், இன்னும் பலர் கவனிப்பதில்லை.

பிற்சேர்க்கை: இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். தூக்கிப் போடாதீர்கள், போட்டால் ஆயுள் குறைவாகத்தான் தெரியும். அவற்றுக்கு அடர்த்திக்குப் பதிலாக, இத்தனை நாளைத் தாண்டும் நிகழ்தகவின் மடக்கையைக் கூட்டுங்கள்.

இன்னொன்று: ஒருவருக்கு வாய்ப்பு முடிவிலிக்குப் போனதாம். அவர் தரவில் 0 நாள் இருந்தது. தொட்டி வடிவத்தில் 0 க்குப் பக்கத்தில் அடர்த்தி முடிவிலிக்கு ஏறும். மாமா நோட்டிலும் அப்படி இரண்டு உண்டு: காலையில் கொண்டுபோய் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தவை. அவை 0 அல்ல, 0 க்கும் 1 க்கும் இடையில் எங்கோ பழுதானவை. எனவே 1 நாளுக்கான திரள் பரவல் மதிப்பின் மடக்கையைப் போட்டேன், சரியாகிவிட்டது.