ஜேசனா, யாமலா என்று கேட்பதற்கு முன்னால் லைப்ரரியைப் பாருங்கள்

9007199254740993. இந்த எண்ணை ஜேசனில் (நிரல்கள் ஒன்றுக்கொன்று தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து ஃபார்மேட், JSON) எழுதி, பிரவுசர் கன்சோலில் படிக்க வைத்துப் பாருங்கள். கடைசியில் இருந்த 3 போய் 2 வந்து நிற்கும், எர்ரர் எதுவும் வராது. அதையே பைத்தானில் படித்தால் 3 பத்திரமாக இருக்கும். ஜேசன் விதிமுறையில் எண் இவ்வளவு பெரியதாகத்தான் இருக்கலாம் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி எண்களைப் பிடித்துவைக்கும் விதத்தில் 2-இன் அடுக்கு 53-ஐத் தாண்டினால் எல்லா முழு எண்களும் துல்லியமாக அடங்காது. 2010-இல் ட்விட்டர் தன் ட்வீட் எண்களை 64 பிட்டுக்கு மாற்றியபோது இதே வம்பு வந்துதான், அதே எண்ணை எழுத்து வடிவிலும் தனியாக ஒரு ஃபீல்டில் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தார்கள்.

"ஜேசனுக்குத்தான் எல்லா மொழியிலும் லைப்ரரி இருக்கே, அப்புறம் என்ன யோசனை" என்பதுதான் ஃபார்மேட் தேர்ந்தெடுப்பவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு. ஜேசனைப் படிக்கவும் எழுதவும் ஆயத்த நிரல், அதாவது லைப்ரரி, எல்லா நிரல்மொழியிலும் இருக்கிறது, சரி. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒரே ஆப்ஜெக்டில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்று விதிமுறை கறாராகச் சொல்லாததால், சிலது முதலாவதை எடுக்கும், சிலது கடைசியை எடுக்கும். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று தோன்றும். 2017-இல் கவுச்டிபி என்ற தரவுத்தளத்தில் அதுவே பெரிய பாதுகாப்பு ஓட்டையானது: உள்ளே எர்லாங் மொழியில் ஒரு பார்சர் (ஜேசனைப் படித்துப் பிரிக்கும் நிரல்), ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பார்சர், பயனரின் அதிகாரங்களைச் சொல்லும் ஃபீல்டை இரண்டு தடவை எழுதி அனுப்பினால் சோதிக்கிற பார்சர் ஒன்றைப் பார்த்தது, அதிகாரம் கொடுக்கிற பார்சர் இன்னொன்றைப் பார்த்தது. சாதாரணப் பயனர் தன்னைத் தானே அட்மின் ஆக்கிக்கொள்ள முடிந்தது. ஃபார்மேட் ஒன்றுதான், லைப்ரரி இரண்டு.

பைத்தான்காரர்களுக்குக் கொசுறாக ஒன்று: கணக்கில் 'எண் அல்ல' என்ற மதிப்பு வந்துவிட்டால் பைத்தானின் ஜேசன் லைப்ரரி அதை அப்படியே எழுதிவிடும், அது செல்லுபடியாகும் ஜேசனே இல்லை, பிரவுசர் மொத்த ஃபைலையும் தூக்கி எறியும்.

யாமல் (அதே வேலைக்கான இன்னொரு எழுத்து ஃபார்மேட், YAML) இன்னும் மோசம், கண்ணுக்கு அழகாக இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம். நாட்டுக் குறியீடுகளின் பட்டியலில் நார்வேயின் 'என்ஓ'வை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் அது 'இல்லை' என்ற பூலியன் (ஆம்/இல்லை) மதிப்பாக மாறிவிடும் என்பது பழைய கதை. எனக்குப் பிடித்த உதாரணம் கடை நேரம். திறக்கும் நேரம் 09:30, மூடும் நேரம் 22:30 என்று எழுதி பைத்தானின் பையாமல் லைப்ரரியில் படித்தால், காலை நேரம் எழுத்தாகவே வரும், இரவு நேரம் 1350 என்ற எண்ணாக வரும். அறுபதடிமான எண் என்று நினைத்து 22-ஐ 60-ஆல் பெருக்கி 30-ஐக் கூட்டிவிடுகிறது. காலை நேரம் பூஜ்யத்தில் தொடங்குவதால் தப்பித்தது. 2009-இல் வந்த யாமல் 1.2 இதையெல்லாம் சரிசெய்துவிட்டது, ஆனால் பையாமல் பழைய 1.1 வழியில்தான் போகிறது. விதிமுறையைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு இருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்குத் தனித் தலைவலி உண்டு. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சரியாகச் சேமித்த சிஎஸ்வியை (கமாவால் பிரித்த அட்டவணை ஃபைல்) எக்செலில் டபுள் கிளிக் செய்தால், தமிழ் இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் வரிசையாக நிற்கும். ஃபைலின் தொடக்கத்தில் பாம் (BOM) என்ற மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்தால் எக்செல் சமாதானமாகிவிடும், ஆனால் அதையே வேறு புரோகிராம் படிக்கும்போது அந்த மூன்று பைட் முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, "அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை" என்று அடம்பிடிக்கும். போதாததற்குச் சென்னையின் தொலைபேசிக் குறியீடு 044, வெறும் 44 ஆகிவிடும். இன்னொன்று, பைத்தானில் ஜேசன் எழுதினால் 'தமிழ்' என்ற சொல் 15 பைட்டுக்குப் பதில் 30 பைட் குறியீடாக வரும். அது தவறில்லை, எதிர்முனை சரியாகவே படிக்கும், ஒரு ஆப்ஷனை மாற்றினால் தமிழாகவே எழுதும். அது தெரியாமல் ஜேசனுக்குத் தமிழ் வராது என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேகப் பட்டியலைப் பார்த்துத் தேர்வு செய்வது நானே செய்த தவறு. மெசேஜ்பேக் (தரவை எழுத்தாக இல்லாமல் பைட்டுகளாகச் சுருக்கி எழுதும் ஃபார்மேட்) சின்னது, வேகமானது என்று ஒரு வேலைக்கு எடுத்தேன். எதிர்முனையில் இருந்தவர்களின் லைப்ரரி 2013-க்கு முந்தைய விதிமுறைப்படி எழுதப்பட்டது, அப்போது அதில் எழுத்துக்கும் வெறும் பைட்டுக்கும் வித்தியாசமே கிடையாது. அதனால் கடைப் பெயர் எல்லாம் பைட்டாகப் போய்ச் சேர்ந்தது. மிச்சமான மில்லிசெகண்டுகளுக்கு இரண்டு நாள் தூக்கம் போனது.

பைத்தானின் சொந்த ஃபார்மேட்டான பிக்கிள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: வேறு மொழியில் படிக்க அநேகமாக முடியாது, வெளியிலிருந்து வந்த பிக்கிளைத் திறப்பது முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை உங்கள் மெஷினில் ஓடவிடுவதற்குச் சமம்.

பிரபலமாக இருந்தால் பராமரிப்பும் இருக்கும் என்று நம்புவதும் சரியில்லை. ரஸ்ட் மொழி உலகில் எல்லோரும் பயன்படுத்திய செர்டே யாமல் லைப்ரரியை 2024 மார்ச்சில் அதை எழுதியவரே நிறுத்திவிட்டார். அதனால் லைப்ரரிக்குக் கிட்ஹப்பில் கிடைத்த ஸ்டார் எண்ணிக்கையை விட, கடைசி வெளியீடு எப்போது, திறந்து கிடக்கும் புகார்களுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா, ஒருவர்தான் எல்லாம் செய்கிறாரா என்று பாருங்கள். எழுதும் மொழியில் மட்டும் இல்லை, படிக்கப்போகும் ஒவ்வொரு மொழியிலும். பெரும்பாலும் இந்தச் சோதனையில் ஜேசன்தான் ஜெயிக்கும், எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஸ்கீமாவும் (எந்த ஃபீல்டில் என்ன வரும் என்ற முன்வரையறை) வேகமும் உண்மையிலேயே வேண்டுமென்றால் கூகுளின் புரோட்டோபஃப் ஃபார்மேட். அதில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு எண் உண்டு, நீக்கிய ஃபீல்டின் எண்ணை மறுபடி வேறொன்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள், பழைய தரவு புதிய பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போதெல்லாம் எந்த ஃபார்மேட் என்று பேசத் தொடங்கும் முன்பே எதிர்முனைக்காரர்களுக்கு ஒரு சின்ன ஃபைலை அனுப்பி, படித்துத் திருப்பி எழுதி அனுப்பச் சொல்கிறேன். அதில் ஒரு தமிழ்ப் பெயர், 044-இல் தொடங்கும் தொலைபேசி எண், 22:30, நார்வே, காலியான ஒரு ஃபீல்டு, அப்புறம் அந்த 9007199254740993. போன முறை திரும்பி வந்ததில் நார்வேயைக் காணோம்.